கால் மரத்துப்போனவர்களுக்கு: நரம்பு மீளும் வரை செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பாதம் மரத்துப்போவதைப் பலர் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிப் பழகியவர்களும், செம்பனைக் காட்டில் நாளெல்லாம் குந்தி உதிரிப் பழம் பொறுக்கியவர்களும், "வயசாச்சு, காலு மதமதன்னு இருக்கு" என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். கிளினிக்கில் "நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது" என்று முதன்முறையாகச் சொல்லக் கேட்டு, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் வீடு திரும்பியவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. செய்ய வேண்டியவை இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். நரம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும் காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவது ஒன்று. நரம்பு தன் வேகத்தில் மீளும் வரை, உணர்ச்சி குறைந்த அந்தக் காலில் புண் வராமல் காப்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதை அலட்சியப்படுத்தியவர்களே பெரும்பாலும் விரலையோ காலையோ இழக்கிறார்கள்.

முதலில், காத்திருக்கக் கூடாத நிலைகள்

மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த மதமதப்புக்கு அப்பாயின்மென்ட் எடுத்துப் போகலாம். சில அறிகுறிகளுக்கு அந்த அவகாசம் கிடையாது. பாதத்தில் தொடங்கிய பலவீனம் ஓரிரு நாளிலோ சில வாரங்களிலோ முழங்கால், தொடை என்று மேலேறினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அது மூச்சுத் தசைகளையும் தாக்கக்கூடிய கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். இடுப்பு வலியோடு தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்து, சிறுநீர் கட்டுக்குள் வராமலோ வெளியேறாமலோ போனால், முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்குவதாகப் பொருள். சில மணி நேரத் தாமதமும் நிரந்தர இழப்பாக முடியலாம். ஒரு பக்கக் கையும் காலும் முகமும் சேர்ந்து திடீரென்று மரத்தால் அது பக்கவாதம். கத்தி, அரிவாள், செம்பனை வெட்டும் அரிவாள்கத்தி ஆகியவை பட்ட காயத்துக்குப் பின் விரல் அசையாவிட்டால், தோலை மட்டும் தைத்து அனுப்புவதோடு விட்டுவிடாமல், நரம்பு அறுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அறுந்த நரம்பை எவ்வளவு விரைவாகத் தைக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

எந்த நரம்பு, எதனால்

கிளினிக்குக்குப் போகுமுன், மரப்பு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே ஒருமுறை கவனித்து எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். பதிலிலேயே பாதிக் காரணம் வெளிப்பட்டுவிடும்.

இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட அளவுக்கு மேலேறி, இரவில் எரிச்சலும் ஊசி குத்தும் வேதனையும் கூடுகிறதென்றால், உடல் முழுவதையும் பாதிக்கும் ஏதோ ஒன்று நீண்ட நரம்புகளின் நுனியை முதலில் தாக்கியிருக்கிறது. நம்மிடையே அதற்கு முதற்காரணம் இனிப்பு நீர் எனும் நீரிழிவு. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருக்கிறது. இந்தியரிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். நோய் நீடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோவொரு கட்டத்தில் நரம்பு பாதிக்கப்படுகிறது. கள்ளும் சம்சுவும் பல்லாண்டு குடித்ததால் வரும் பாதிப்பு, வைட்டமின் பி12 குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைபாடு, காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் இதே வடிவில் தோன்றும். பல ஆண்டுகளாக மெட்பார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையை உட்கொள்பவர்களுக்கும், இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. ஆகவே இனிப்பு நீர் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மற்றவற்றைச் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.

ஒரு காலில் மட்டும் தொந்தரவு என்றால் கதை வேறு. முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் ஒரு சிறு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே, சதைப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேல்நோக்கித் தூக்குவது அந்த நரம்பின் வேலை. மணிக்கணக்கில் குந்தியிருப்பதும், கால்மேல் கால் போட்டு உட்காரும் வழக்கமும், இறுக்கமான மாவுக்கட்டும், நோயில் உடல் திடீரென்று இளைப்பதும் அதை நசுக்கும். அப்போது முன்பாதம் தொங்கிப்போகும். நடக்கையில் விரல் தரையில் இடறும், அல்லது படியேறுவதுபோல் காலை உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும். வேலைத்தளத்தில் குந்தி எழுந்தவருக்கு ஒரு நாள் திடீரென்று பாதம் தூக்க வராமல் போனால், செய்வினை என்று கிளம்பாமல் இந்தக் குமிழை நினைவில் கொள்ள வேண்டும்.

கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் நரம்பு நசுங்கினால் உள்ளங்கால் எரியும். நின்றாலும் நடந்தாலும் எரிச்சல் கூடும். இடுப்பிலிருந்து பிட்டம், தொடை வழியாக வலி இறங்கினால் முதுகெலும்பின் வட்டு நரம்பு வேரை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். மோசமாகப் புரண்ட கணுக்காலில், சுளுக்கு ஆறிய பின்னும் பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தால், நரம்பும் இழுபட்டிருக்கலாம். தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற திட்டுகள் இருந்தால் தொழுநோயையும் விலக்கிப் பார்ப்பது அவசியம். அது இன்று மருந்தால் முழுமையாகக் குணமாகும் நோய், மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

கிளினிக்கில் நடப்பவை

தோட்டங்களில் டிரஸர் எனும் மருத்துவ உதவியாளர் இருந்த காலத்தில் காய்ச்சலானாலும் கால்வலியானாலும் அவரிடமே போய்ப் பழகிவிட்டதால், இன்றும் பலர் ஒரு ஊசி, ஒரு பொட்டலம் மாத்திரை என்பதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை. நரம்புக்கு அது போதாது. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்துகொண்டு, "பாதத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கலாம். கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும் வரை அழுத்துவார்கள். வளையும்போது அதன் விசை 10 கிராம். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் மட்டும் "தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்லி மருத்துவரை மகிழ்விப்பதால் நட்டம் உங்களுக்கே. தட்டினால் அதிரும் உலோகக் கவையைப் பெருவிரலில் வைத்துப் பார்ப்பதும், குதிகாலின் பின்னுள்ள தசைநாணைத் தட்டிப் பார்ப்பதும், பாதத்து நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதும் இதன் தொடர்ச்சி. இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பி12, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஒரு காலில் மட்டும் பலவீனம் இருந்தால் நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் சோதனை தேவைப்படலாம். அதற்குச் சுங்கை சிப்புட்காரர்கள் பெரும்பாலும் ஈப்போவுக்கு அனுப்பப்படுவார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களான பி40 பிரிவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடற்சோதனை உண்டு. இனிப்பு நீர் இருப்பதையே அறியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

மீள்வதற்கு எவ்வளவு காலம்

வெறுமனே நசுங்கி, உறை மட்டும் பாதிக்கப்பட்ட நரம்பு, அழுத்தம் நீங்கிய சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ சரியாகிவிடும். உள்ளிழையே அறுந்திருந்தால் அது மேலிருந்து கீழாக மீண்டும் வளர வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலருகே அடிபட்ட நரம்பு பாதத்தின் நுனி வரை வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். அதற்குள் தசை வற்றிவிடாமலும் கணுக்கால் இறுகிவிடாமலும் பார்த்துக்கொள்வதற்காகவே பயிற்சி. பி12 குறைவைச் சீக்கிரம் கண்டுபிடித்து ஊசியோ மாத்திரையோ எடுத்தால் நல்ல மாற்றம் தெரியும். இனிப்பு நீரால் கெட்ட நரம்பைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்ல வேண்டியது இது: இழந்த உணர்ச்சி முழுவதும் திரும்புவது அரிது, மேலும் கெடாமல் நிறுத்துவதும், வலியைக் குறைப்பதும், புண்ணில்லாமல் வாழ்வதும் நிச்சயம் முடியும். "நூறு நாளில் நரம்பு புதிதாகும்" என்று இரவுச் சந்தையில் ஒலிபெருக்கி வைத்து விற்பவரிடம் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கேட்டால் பதில் வராது.

காரணத்தை நிறுத்துதல்

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்கு மூன்று மாதச் சராசரியை 7 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ கொண்டுவருவது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்துவார். தினமும் மூன்று வேளை கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக்கை பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆக மாற்றுவதே பலருக்குப் பெரிய முதற்படி. மிக உயர்ந்திருந்த சர்க்கரையை ஒரேயடியாக, மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் இறக்கினால் சிலருக்குப் பாத வலி தற்காலிகமாகக் கூடுவதுண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த வலி பெரும்பாலும் நாளடைவில் தணியும்.

மதுவால் வந்த பாதிப்பில் மதுவை நிறுத்தாமல் எந்த மாத்திரையும் உதவாது. புகைப்பதை விடுவது பாதத்துக்கு வரும் இரத்தத்தைக் காக்கும். பி1, பி6, பி12 சேர்ந்த கூட்டு மாத்திரையை "நரம்பு சத்து" என்று வருடக்கணக்கில் வாங்கி விழுங்குபவர்கள், பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைபாடு எது என்று சோதித்துவிட்டு அதை மட்டும் நிரப்புவதே முறை. ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்து வகைகளில் மாயமாக வலி பறந்துவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகியுங்கள். அது சர்க்கரையை ஏற்றிவிடும். பதிவு பெற்ற மருந்துப் பொருளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும்.

பாதத்தைக் காத்தல்

வலி என்பது காலின் காவல். அது போன பிறகு அந்த வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். தினமும் மாலையில் குளித்த பின், வெளிச்சத்தில் உட்கார்ந்து, பாதத்தின் மேற்புறம், உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறம் மாறிய நகம், ஈரத்தில் வெளுத்த இடுக்கு ஆகியவற்றைத் தேட வேண்டும். குளிக்கும் வெந்நீரை முழங்கையால் சோதித்த பின்பே காலில் ஊற்ற வேண்டும். இடுக்குகளை ஒற்றித் துடைத்து, குதிகாலுக்கும் மேற்புறத்துக்கும் மட்டும் களிம்பு தடவுங்கள். இடுக்கில் தடவினால் ஊறிப் புண்ணாகும். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும், அதற்கென விற்கும் மருந்துப் பட்டியை ஒட்டுவதும் கூடாது. வெந்நீர்ப் பை, சூடேற்றிய செங்கல், கொதிக்கக் காய்ச்சிய எண்ணெய் ஒத்தடம் ஆகிய மூன்றும் மரத்த காலில் எத்தனையோ தீப்புண்களை உண்டாக்கியிருக்கின்றன.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குப் பூட்ஸ் தனிக் கவனம் கேட்கும். செம்பனை மட்டையின் முள் ரப்பர் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும், உணர்ச்சியற்ற பாதம் அதன்மேல் நாள் முழுக்க நடக்கும். மாலையில் பூட்ஸைக் கழற்றும்போது சாக்ஸில் ஒட்டிய கறையைப் பார்த்துத்தான் விஷயம் தெரியவரும். அதனால்தான் வெள்ளை சாக்ஸ் நல்லது என்கிறார்கள். காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்தட்டை வெளியே எடுத்து, கையை நுனி வரை விட்டுத் தடவிப் பார்த்த பின்பே அணியுங்கள். முள், கல், சில நேரம் தேள்கூட இருக்கும். முள் ஆழமாகக் குத்தியிருந்தால், வலி இல்லையென்றாலும் கிளினிக்குக்குப் போய்த் தசைவிறைப்பு (டெட்டனஸ்) ஊசி தேவையா என்று கேளுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். விரலிடுக்கில் வாரைப் பிடித்து நடக்கும் ஜப்பான் சிலிப்பர், பிடிப்பில்லாத பாதத்திலிருந்து நழுவுவது தெரியாமல் போய்விடும். பின்வார் உள்ள செருப்பே ஏற்றது. புதுச் சப்பாத்தைப் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்கி, முதல் வாரம் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

கோயில் விஷயம் சங்கடமானது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நண்பகல் வெயிலில் கொதிக்கும் கோயில் முற்றத்துத் தரை, மரத்த உள்ளங்காலைச் சில நிமிடங்களில் கொப்புளமாக்கிவிடும். தைப்பூசத்தில் ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடியோடு வெறுங்காலில் நடப்பதும் தீமிதியும் இந்நிலையில் இருப்பவர்களுக்கு ஏற்றவையல்ல. வெயிலுக்கு முன் போய்வருவதும், தடித்த சாக்ஸ் அணிந்துகொள்ளக் கோயிலில் அனுமதி கேட்பதும், பால்குடத்தை வீட்டில் மற்றொருவர் ஏந்துவதும் நடைமுறைக்கு உகந்தவை. நேர்த்திக்கடனை எப்படி மாற்றிக்கொள்வது என்று பூசாரியிடமே கேட்டவர்கள் உண்டு. நான் அறிந்தவரை எந்தப் பூசாரியும் மறுத்ததில்லை.

வலியில்லாத வீக்கம்

இதற்குத் தனி இடம் தருவதற்குக் காரணம், இது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. உணர்ச்சி குறைந்த ஒரு பாதமோ கணுக்காலோ திடீரென்று சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடத் தொட்டால் சூடாக இருந்து, அந்த அளவுக்கு வலி மட்டும் இல்லையென்றால், எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்று இதைச் சொல்வார்கள். சுளுக்கு என்று உருவிவிடுவார்கள்; 'கவுட்' என்று மாத்திரை கொடுப்பார்கள்; நோயாளியும் வலிக்கவில்லையே என்று நடந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு அடியும் பாதத்தின் வடிவத்தைக் குலைக்கும். அன்றைக்கே காலில் எடை போடுவதை நிறுத்தி, மருத்துவமனைக்குப் போய், "சார்கோவாக இருக்குமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தெரியக்கூடும் என்பதால், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதோடு திருப்தியடைந்துவிட வேண்டாம். மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம்.

பயிற்சி

பாதத்தில் திறந்த புண்ணோ மேற்சொன்ன வீக்கமோ இருந்தால் பயிற்சி வேண்டாம். மற்றவர்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறையாவது காட்டி, தமக்கு ஏற்றதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைப்பது முதலாவது. தூக்க வராத பாதமாக இருந்தால், தூக்க முயலும்போதே கையாலோ துண்டாலோ உதவுங்கள்; முயற்சியும் அசைவும் ஒன்றாக நடக்க வேண்டும். பிறகு காலை நீட்டி, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உடலை நோக்கி இழுத்து, 30 விநாடி பிடித்து மூன்று முறை செய்யுங்கள். பாதம் தொங்குபவர்களுக்கு இதுவே மிக முக்கியமானது. குதிகால் தசைநாண் சுருங்கிவிட்டால் நரம்பு மீண்ட பின்னும் பாதம் மேலே வராது. வலுவிருப்பவர்கள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அதே இடத்தில் ஒற்றைக்காலில் நின்று சமநிலையும் பழகலாம். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம்: உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று சொல்வது கண்தான். அதனாலேயே கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரிய வேண்டும்.

பாதம் தொங்குபவர்களுக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கியைப் பரிந்துரைப்பார்கள். அதைக் கழற்றியதும் தோலைப் பார்த்து, அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். இடது கால் தூக்க வராதவர் கியர் மோட்டார் சைக்கிளை ஓட்டக் கூடாது, வலது கால் வராதவர் பிரேக்கை நம்பக் கூடாது; மருத்துவர் சரியென்று சொல்லும் வரை பிறர் ஓட்டட்டும்.

வலி மருந்து

பாரசிட்டமோலும் பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரையும் நரம்பு எரிச்சலுக்கு அதிகம் உதவுவதில்லை; பொன்ஸ்டான் வகையைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் கெடும். காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் ஆகியவை இதற்கென்றே மருத்துவர் எழுதித் தருபவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். மயக்கமும் தூக்கமும் வரும் என்பதால் முதல் நாட்களில் வண்டி ஓட்டவோ ஏணியேறவோ வேண்டாம்; திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இவை எரிச்சலைத் தணிப்பவை, நரம்பை வளர்ப்பவை அல்ல.

வேலையும் சொக்சோவும்

வேலையில் நேர்ந்த காயத்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், முதலாளி 48 மணி நேரத்துக்குள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரித் தினக் கூலியில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். சம்பவம் நடந்த நாள், நேரம், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, தோட்ட அலுவலகக் கிராணியிடம் கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். "பிறகு பார்த்துக்கலாம்" என்று விட்ட வழக்குகளே இழுபடுகின்றன. சொக்சோவின் மீண்டும் வேலைக்குத் திட்டம் 2007-இல் தொடங்கியது; தகுதியுள்ளவர்களை மலாக்காவில் உள்ள அதன் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவதும் உண்டு. குந்திச் செய்யும் வேலையால் நரம்பு நசுங்கியிருந்தால், மருத்துவரிடம் இலகு வேலைக்கான கடிதம் கேட்டு வாங்குங்கள். அதே வேலைக்குத் திரும்பினால் மாதக்கணக்கான ஓய்வு வீணாகும்.

முன்னேற்றத்தைக் குறித்துவைத்தல்

மாதம் ஒருமுறை வீட்டில் ஒருவர் உதவியோடு இதைச் செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உதவுபவர் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றன்பின் ஒன்றாக, அழுத்தாமலும் தடவாமலும் ஓரிரு விநாடி தொடட்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். தேதி போட்டு, எந்த விரல் தெரிந்தது, எது தெரியவில்லை என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதுங்கள். அடிபட்டு மீண்டு வரும் நரம்பில், அதன் பாதையை மேலிருந்து தட்டும்போது ஊசி குத்தும் கூச்சம் மாதாமாதம் கீழே இறங்கிவந்தால் அது வளர்கிறது. அந்த இடத்தையும் முழங்காலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறிக்கலாம். மூன்று மாதமாகியும் தொங்கும் பாதத்தில் சிறு அசைவும் திரும்பவில்லையென்றால், வழக்கமான அப்பாயின்மென்டுக்குக் காத்திராமல் இந்தப் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போய் எலும்பு அல்லது நரம்புச் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கென்று ஒரு காலவரம்பு உண்டு. நரம்புத் தொடர்பின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசை, பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் பழையபடி இயங்குவதில்லை.